யானை இன்னும் குளிக்கல

கம்பெனி பஸ் என்னை ஓசூர் ரிங் ரோட்டு முனையில் இறக்கிவிடும்போது மணி ஆறாகப் போகும். வண்டி உதிரி பாகங்கள் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். பகல் முழுக்க அளந்து பார்த்து, இது சரி, இது தள்ளுபடி என்று பிரிக்கிற வேலை. பக்கத்து வீட்டு அக்காவிடமிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தால், இரவுச் சமையல் தொடங்கும்வரை ஒரு மணி நேரம் கிடைக்கும். அந்த ஒரு மணி நேரம்தான் என் எழுத்து வாழ்க்கை. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அந்த நேரத்தில்தான் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தேன். நான் பிறந்து வளர்ந்தது பர்கூர்ப் பக்கம். கல்குவாரியில் வேலை செய்த பெண்களைப் பார்த்து வளர்ந்தவள். அவர்களைப் பற்றிச் சில சிறுகதைகள் எழுதி, பத்திரிகைகளில் வந்து, சென்னையில் ஒரு சிறிய பதிப்பகத்தார் "நாவலா எழுதித் தாங்கம்மா, நாங்க போடறோம்" என்று சொல்லியிருந்தார். மகளுக்கு டிவியில் பாட்டுப் போட்டுவிட்டு, சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து உட்காருவேன். என் கணவருக்கு வண்டித் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. வாரம் மாறினால் நேரமும் மாறும். அவர் வீட்டில் இருக்கிற மாலைகளில் பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருப்பார்.

மகளுக்கு அப்போது மூன்றரை வயது. பேச்சு வரவில்லை. 'ம்மா', 'தா', 'ஊம்' என்று நாலைந்து ஓசைகள். மற்றதெல்லாம் கையும் கண்ணும்தான். தண்ணீர் வேண்டுமென்றால் என் விரலைப் பிடித்துக் குடத்தருகே இழுத்துப் போவாள். சொல்வது அத்தனையும் புரியும். நாங்கள் தமிழில் சொன்னாலும், பார்த்துக்கொள்கிற அக்கா தெலுங்கில் சொன்னாலும், கீழ்வீட்டுக்காரர்கள் கன்னடத்தில் சொன்னாலும் சொன்னதைச் செய்வாள். பதில் மட்டும் வராது.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப்போனோம். "உன் பேர் என்ன?" என்று அங்கிருந்த மேடம் கேட்டார். மகள் என் துப்பட்டாவுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"வீட்ல என்ன லாங்குவேஜ் பேசறீங்க?"

"தமிழ் மேடம். பாத்துக்கற அக்கா தெலுங்கு. கீழ் வீட்ல கன்னடம்."

"அதான் பிரச்சனையே. கொழந்த குழம்பிப் போயிருக்கு. எல்லாத்தையும் நிறுத்துங்க. வீட்ல இங்கிலீஷ் மட்டும் பேசுங்க. பேச்சு வந்ததுக்கப்புறம் கூட்டிட்டு வாங்க, பாக்கலாம்."

இதை அக்காவிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். மறுநாள் மாலை மகளைக் கூப்பிடப் போனபோது அந்த வீடு அப்படி அமைதியாக இருந்தது. அவர் வீட்டில் எப்போதும் ஏதாவது ஒரு தெலுங்குப் பாட்டோ, பக்கத்துத் தெருக் கதையோ ஓடிக்கொண்டிருக்கும். அன்று மகளுக்கு எதிரே வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா?"

"நானு தெலுங்கு பேசித்தானம்மா பாப்பாக்குப் பேச்சு வல்ல? எனக்கு இங்கிலீஷ் தெரியாது. அதான் பேசாம இருந்தேன்."

அவர் கண் கலங்கியிருந்தது. மகள் அவர் மடியில் ஏறி, அவருடைய உதட்டை விரலால் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே கிருஷ்ணகிரியில் ஒரு குழந்தை மருத்துவரிடம் போனோம். நடுத்தர வயதுப் பெண்மணி. காதைச் சோதிக்க அனுப்பினார். பொம்மைகளைக் கொடுத்து வெகுநேரம் மகளோடு தரையில் உட்கார்ந்து விளையாடினார். பிறகு எங்களிடம் வந்தார்.

"காது நல்லா கேக்குது. புத்தியும் துறுதுறுன்னு இருக்கு. மூணு பாஷை கேக்கறதால பேச்சு நின்னு போகாது. யாரும் வாய மூடிக்க வேணாம். நெறையப் பேசுங்க. பேச்சுப் பயிற்சிக்கும் எழுதித் தர்றேன், வாரா வாரம் போங்க. வீட்ல புத்தகம் வெச்சுப் படிச்சுக் காட்டறீங்களா?"

என் கணவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இவங்க கதை எழுதறவங்க டாக்டர். பத்திரிகைல எல்லாம் வந்திருக்கு."

"அட! அப்ப நெறையப் படிச்சுக் காட்டுவீங்களே."

நான் மேசைமேல் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் இரண்டு அலமாரி நிறையப் புத்தகங்கள். அதில் குழந்தைக்கென்று ஒன்றுகூட இல்லை.

ஊர் திரும்பியதும் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் கிடைத்த படப் புத்தகங்களை எல்லாம் வாங்கினேன். அவற்றில் ஒன்று குளிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிற யானையைப் பற்றியது. கெட்டி அட்டை, பக்கத்துக்கு ஒரு வரி. யானை குளத்துக்குப் போகும், திரும்பி ஓடும், சேற்றில் புரளும், மறுபடி குளத்துக்குப் போகும். மகளுக்கு அது போதும். மற்ற புத்தகங்களை ஒரு புரட்டுப் புரட்டித் தள்ளிவிட்டு அதையே தூக்கிக்கொண்டு வந்து என் மடியில் போடுவாள். முடித்தால் மறுபடி முதல் பக்கத்தைத் திறப்பாள்.

எந்த நேரத்தில் படிப்பது? இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான். லேப்டாப்பை மூடி அலமாரிமேல் வைத்தேன்.

மகிழ்ச்சியோடு மூடினேன் என்று எழுதினால் அது பொய். மடியில் குழந்தை, கையில் யானை, மனம் பர்கூர்க் குவாரியில். 'யானை குளத்தைப் பார்த்தது' என்று வாய் சொல்லும். வெடி வைத்த பிறகு புழுதி அடங்கக் காத்திருக்கும் பெண்கள் தலைத்துணியை எப்படி இழுத்து மூடிக்கொள்வார்கள் என்று உள்ளே ஒரு வாக்கியம் உருண்டு வரும். அதைப் பிடித்து வைக்க ஆள் இல்லை. சமையல் முடித்து வந்து பார்த்தால் போயிருக்கும். பதிப்பகத்தார் போன் செய்தார். "இந்தப் புத்தகக் கண்காட்சிக்குக் கொண்டாந்துடலாமாம்மா?" மகளைப் பற்றிச் சொல்லி, முடியாது என்றேன். அடுத்ததற்கு? தெரியாது என்றேன். அவர் "கொழந்தையைப் பாருங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அந்தப் பரிவுதான் எனக்கு அதிகமாக வலித்தது. இனி இவளிடமிருந்து புத்தகம் வராது என்று முடிவுகட்டிவிட்டார் என்றே நினைத்தேன்.

மாதங்கள் போயின. அக்கா வீட்டில் தெலுங்குப் பாட்டு மறுபடி கேட்கத் தொடங்கியிருந்தது. வாரம் தவறாமல் பேச்சுப் பயிற்சிக்கும் போய்வந்தோம். புதிதாகச் சில சொற்கள் வந்தன. வாக்கியமாக எதுவும் வரவில்லை.

ஒரு நாள் மாலை. லைனில் ஒரு லாட் பாகங்கள் முழுக்கத் தள்ளுபடியாகி, நாள் முழுக்க நின்று மறுபடி மறுபடி அளந்துவிட்டு வந்திருந்தேன். மகள் வழக்கம்போல யானையைக் கொண்டுவந்தாள். சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்று இரண்டு பக்கங்களைச் சேர்த்துப் புரட்டி, நேரே கடைசிக்குப் போனேன். "யானை துவட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனது."

மகள் என் கைமேல் கை வைத்தாள். பக்கத்தைப் பின்னால் தள்ளினாள். என் முகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னாள்:

"இல்ல. யானை இன்னும் குளிக்கல."

நான் அசையவில்லை. அசைந்தால் கலைந்துவிடும் என்று பயம். குக்கர் வைக்க வேண்டும், பால் பொங்கிக்கொண்டிருக்கும், எதுவும் நினைவில் இல்லை. "என்ன கண்ணு சொன்ன?" என்று மெதுவாகக் கேட்டேன். இவ்வளவு எளிய விஷயம் இவளுக்கு எப்படிப் புரியாமல் போயிற்று என்பதுபோல என்னைப் பார்த்தாள். "குளிக்கல" என்றாள், சேற்றில் கிடக்கிற யானைமேல் விரலை வைத்து.

என் மகளின் முதல் வாக்கியம் ஒரு திருத்தம். நான் விட்டுவிட்டுப் போன இடத்தைச் சுட்டிக்காட்டி, இதைத் தாண்டிப் போகாதே என்று சொன்ன திருத்தம். எந்த எழுத்தாளருக்கு இப்படி ஒரு பாக்கியம் கிடைத்திருக்கும்! அவளைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். அக்கா கதவைத் திறந்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. நான் அழுவதைப் பார்த்து அக்காவும் பயந்து அழ ஆரம்பித்தார். பிறகு விஷயம் தெரிந்து, அழுதுகொண்டே இருவரும் சிரித்தோம். அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்த வாசனை தெருவரைக்கும் வந்தது.

கணவர் அப்போது இரண்டாம் ஷிப்டில் இருந்தார். உள்ளே போன் எடுத்துப் போக முடியாது. மறுநாள் காலை எழுந்ததும் சொன்னேன். அவர் மகளைத் தூக்கி மேசைமேல் உட்காரவைத்து, "எங்க, அப்பாகிட்ட சொல்லு பாப்பா" என்றார். மகள் வாயைத் திறக்கவில்லை. கெஞ்சினார், மிட்டாய் காட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, களைப்பில் நானே கற்பனை செய்துகொண்டேனா என்று.

என் கணவர் கதைப் புத்தகம் படிக்கிறவர் இல்லை. செய்தித்தாளில் விளையாட்டுப் பக்கம்தான். அவர் அந்த யானைப் புத்தகத்தை எடுத்தார். தொழிற்சாலை மைக்கில் அறிவிப்புச் செய்கிற குரலில் ஆரம்பித்தார்.

"கவனிக்கவும். யானை காலை ஷிப்டுக்கு வந்தது. கார்டு தேய்த்தது. கேன்டீனில் இட்லி சாப்பிட்டது."

மகள் அதிர்ந்துபோய் அவரைப் பார்த்தாள்.

"பிறகு யானை பைக் எடுத்துக்கொண்டு பாகலூருக்குப் போனது."

"இல்லப்பா!" என்று கத்தினாள். "போகல! கொளத்துக்கு! யானை கொளத்துக்குப் போச்சு!"

அவர் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கிற்று. கொஞ்ச நேரத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அதே மைக் குரலில் அடுத்த தப்பைப் படித்தார்.

அன்றிலிருந்து வீட்டின் ஏற்பாடு மாறிப்போனது. அவர் மாலையில் வீட்டில் இருக்கிற வாரங்களில் தூக்கத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுக் கதை நேரத்தை எடுத்துக்கொண்டார். நான் லேப்டாப்பை இறக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனேன். முதல் சில நாட்கள் என்னால் ஒரு வரிகூட எழுத முடியவில்லை. வெளியே அவர் படிக்கிற லட்சணம் கேட்கும். நரி லாரி ஓட்டும். முயல் ஓவர்டைம் பார்க்கும். அழகான ஒரு கதையை மனுஷன் இப்படியா குதறுவார் என்று எழுந்து வெளியே வருவேன்.

"என்னங்க, அதுல அப்படியா போட்டிருக்கு?"

"நீ உள்ள போய் எழுது. நான் தப்பாப் படிச்சாத்தான் அவ பேசறா. நீ சரியாப் படிச்சா வாயத் தொறக்காமக் கேட்டுட்டு இருப்பா."

மறுக்க முடியாத உண்மை. உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். கதவுக்கு அந்தப் பக்கம் "இல்ல!", "இல்லப்பா!", "தப்பு!" என்று மகளின் குரல் எழும்பிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்தில் எழுதப் பழகினேன். பழகியது மட்டுமில்லை, அது இல்லாத நாளில் கை ஓடாது என்றாகிவிட்டது.

அவர் இரண்டாம் ஷிப்டுக்குப் போகிற வாரங்களில் நான் படித்தேன். இப்போது மனம் குவாரிக்கு ஓடவில்லை, அடுத்த வாரம் என்னுடையது என்று அதற்குத் தெரிந்திருந்தது. ஒன்று கவனித்தேன். ஒரே புத்தகத்தை அத்தனை முறை உரக்கப் படித்தவளுக்கு எந்த வாக்கியம் தேயும், எது தேயாது என்று நாக்கே சொல்லிவிடுகிறது. அழகுக்காகப் போட்ட சொல் பத்தாம் முறை பல்லில் மாட்டுகிறது. நாவலின் முதல் அத்தியாயங்களை எடுத்து, வீட்டில் யாரும் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை உரக்கப் படித்துப் பார்த்தேன். எனக்கே வெட்கமாக இருந்தது. குவாரியில் கல் உடைக்கிறவள் ஒருத்தி, வானத்தைப் பார்த்து இரண்டு பக்கம் யோசிக்கிறாள். அந்த இரண்டு பக்கத்தையும் அழித்தேன். அவள் தலைத்துணியை உதறிக் கட்டிக்கொண்டு வேலைக்குத் திரும்பினாள். அந்த ஒரு வரி நின்றது. நாவல் அங்கிருந்துதான் உண்மையில் ஓடத் தொடங்கியது.

ஒரு வருஷம் கழித்து அதை முடித்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான். அப்பாவும் மகளும் பைக்கில் பாகலூர்ப் பக்கம் தக்காளி வாங்கப் போயிருந்தார்கள். கடைசி வரியை அடித்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து துணி உலர்த்தினேன். பாதி உலர்த்தியபோது மாடியிலிருந்து பைக் வருவது தெரிந்தது. "முடிச்சுட்டேன்!" என்று அங்கிருந்தே கத்தினேன். கணவர் ஹெல்மெட்டோடு அண்ணாந்து பார்த்து, ஹாரனை விடாமல் அடித்தார். மகளும் கையை நீட்டி அவர் கைமேல் வைத்து அழுத்தினாள். கீழ்வீட்டுக்காரர் கதவைத் திறந்து, என்ன ஆயிற்று என்று கன்னடத்தில் கேட்டார். மகள் கன்னடத்திலேயே ஏதோ பதில் சொன்னாள். எங்கள் இருவருக்கும் அது சரியாகப் புரியவில்லை. அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

பதிப்பகத்தாருக்கு அனுப்பியபோது, இவரே கேட்பதை விட்டுவிட்ட புத்தகத்தை நாமாக அனுப்புகிறோமே என்று கூச்சமாக இருந்தது. ஒரு வாரத்தில் கூப்பிட்டார். "ஒரே மூச்சுல படிச்சேம்மா. எங்கயும் தடுக்கல" என்றார். புத்தகம் வந்தது. என் லைனில் வேலை செய்கிற பெண்கள் சாப்பாட்டு இடைவேளையில் ஆளுக்குக் கொஞ்சம் படித்துவிட்டுக் கை மாற்றினார்கள். எண்ணெய்க் கறை படிந்த அந்தப் பிரதியை இன்னும் வைத்திருக்கிறேன். பேனாவால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த எந்தப் பிரதியைவிடவும் எனக்கு அது உசத்தி.

அடுத்த மாதம் பெங்களூரில் இருக்கிற என் தங்கைக்குச் சில பிரதிகள் எடுத்துக்கொண்டு, மகளோடு பஸ்ஸில் போனேன். அத்திப்பள்ளி தாண்டிச் சந்தாபுரா வருவதற்குள் வண்டி நின்றுவிட்டது. முன்னாலும் பின்னாலும் கண்ணுக்கு எட்டியவரை லாரிகள். வெயில். எதிர் சீட்டில் ஒரு கைக்குழந்தை அழத் தொடங்கியது. அதன் அம்மா தெலுங்கில் என்னென்னவோ சொல்லித் தட்டிக்கொடுத்துப் பார்த்தாள். நிற்கவில்லை. பஸ்ஸில் ஆளாளுக்கு உச்சுக் கொட்ட ஆரம்பித்தார்கள்.

மகள் என் மடியிலிருந்து இறங்கி அந்தக் குழந்தைக்கு எதிரே போய் நின்றாள். ஜன்னலுக்கு வெளியே கிரானைட் கல் ஏற்றிய ஒரு லாரி நின்றிருந்தது. அதைக் காட்டினாள்.

"அந்த லாரி ஏன் நிக்குது தெரியுமா? அதுக்குப் பசி."

குழந்தையின் அம்மா புரியாமல் பார்த்தாள். மகள் உடனே, "ஆகலி" என்றாள் தெலுங்கில். அவள் முகம் மலர்ந்தது. பக்கத்தில் யாரிடமோ கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்த வேட்டி கட்டிய பெரியவரும் எட்டிப் பார்க்கவே, அவர் பக்கம் திரும்பி, "ஹசிவு" என்றாள் கன்னடத்தில், அவரையும் விட்டுவிடக் கூடாது என்பதுபோல.

லாரிக்குக் கல் பிடிக்காது. முதுகில் கல், வயிற்றில் ஒன்றுமில்லை. அதனால் அது டிரைவர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து ஓடிவிட்டது. அப்படித்தான் கதை போனது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத கதை. நானும் அவள் அப்பாவும் படித்ததில் இல்லாத கதை. ஒரு வரி தமிழில், அதில் ஒரு சொல் தெலுங்கில், அடுத்தது கன்னடத்தில். யார் முகத்தைப் பார்க்கிறாளோ அவர் மொழிக்குத் தாவிவிடுவாள். ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. கைக்குழந்தை அழுகையை விட்டுவிட்டு அவள் கை ஆட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தது.

மூச்சு வாங்க அவள் நிறுத்தியபோது, "தருவாத்த?" என்றாள் அந்தத் தாய்.

"ஆமேலே?" என்றார் பெரியவர்.

"அப்புறம் என்னாச்சு பாப்பா?" என்று பின் சீட்டிலிருந்து ஒரு தமிழ்க் குரல்.

பெரியவர் என் காலடியிலிருந்த பையைக் காட்டி, தமிழும் கன்னடமும் கலந்து, "அதுல என்ன, கதை புஸ்தகமா?" என்று கேட்டார்.

"ஆமா தாத்தா. எங்கம்மா எழுதுச்சு" என்றாள் மகள் பெருமையாக. "ஆனா இந்தக் கதை என்னோடது."

போக்குவரத்து விலகி வண்டி எப்போது நகர்ந்தது என்று நான் கவனிக்கவில்லை. மகளின் கதையில் லாரி கடல் இருக்கிற ஊரைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தபோது கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டே எங்களைப் பார்த்தார். நான் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். மகள் திரும்பி, கையால் என்னை உட்காரச் சொன்னாள்.

"இரும்மா. இன்னும் முடியல."

கண்டக்டர் சிரித்தார். "உக்காருங்கம்மா. அடுத்த ஸ்டாப்புல எறங்கிக்கலாம். லாரி ஊர் போய்ச் சேரட்டும்."

நான் உட்கார்ந்தேன். விசில் ஊதினார். பஸ் கிளம்பியது.